மண் இருந்தவருக்கே நீர்: மீஞ்சூர் கிணறுகளும் நிலமற்றோரும்

வடசென்னையின் சூழல் அநீதி குறித்துப் பேசும்போது எண்ணூரின் சாம்பலையும் மணலியின் புகையையும் நாம் சுட்டிக்காட்டுகிறோம். அந்த ஆலைகளுக்கு நீர் எங்கிருந்து வந்தது, அதனால் பிழைப்பை இழந்தவர் யார் என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது.

கொசஸ்தலையாறும் ஆரணியாறும் பாயும் இத்தாழ்நிலம் மழையை நம்ப முடியாத பகுதி. ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். பருவம் பொய்த்தால் அடுத்த ஆண்டு வரை வறட்சிதான். 2015இல் வெள்ளத்தில் மூழ்கிய சென்னை, 2019இல் ஏரிகள் வறண்டு தவித்தது. இந்த நிலையின்மைக்கு விடையாகவே ஏரிப் பாசனம் உருவானது.

ஏரியின் மதகைத் திறந்து, கடைமடை வரை நீரைப் பங்கிட்டவர்கள் நீர்க்கட்டி, கம்புகட்டி என அழைக்கப்பட்டனர். பல ஊர்களில் இப்பணி சேரி மக்களுடையது. நீரை அளந்து விட்டவருக்கு அந்நீர் பாயும் வயலில் ஒரு குழியும் சொந்தமில்லை. அன்றைய செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை இந்த நிலமின்மையை அரசின் முன் வைத்தது. 1892இல் பஞ்சமி நில ஒப்படைப்புக்கான அரசாணை பிறந்தது. முதல் பத்தாண்டுகளுக்கு அந்நிலத்தை விற்கக் கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்நிலங்களில் பெரும்பகுதி இன்று பிறர் கையில் உள்ளது.

நிலம் இல்லாதோருக்கு நீரும் இல்லை என்பதைச் சட்டமே உறுதிசெய்தது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், வரையறுத்த வழியில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமையை நில உரிமையாளருக்கு அளிக்கிறது. இதன் விளைவை மீஞ்சூரில் காணலாம். 1960களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையுடன் நடந்த ஆய்வு, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளின் நிலத்தடி நீர்வளத்தை அடையாளம் கண்டது. அங்கு அமைந்த ஆழ்துளைக் கிணறுகள் மணலி ஆலைகளுக்கும் நகருக்கும் நீர் தந்தன. பாசனத்துக்கான இறைப்பும் சேர, ஊறுவதைவிட எடுப்பது மிகுந்து நீர்மட்டம் சரிந்தது. கடல்நீர் உட்புகுந்து, பின்னாளில் கரையிலிருந்து 10 கிலோமீட்டருக்கும் அப்பால் கிணறுகள் உவர்த்தன.

வறட்சிக் காலங்களில் குடிநீர் வாரியம் உழவர்களின் கிணற்று நீரை விலைக்கு வாங்கியது. கிணறு உடையவருக்குப் பணம் கிடைத்தது. நடவும் களையெடுப்பும் அறுவடையும் நின்றதால் கூலியை இழந்த தலித் தொழிலாளருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அந்த ஒப்பந்தத்தில் இடமே இல்லை. சட்டத்தின் பார்வையில் அவர்கள் இழந்தது எதுவுமில்லை. ஏனெனில் அவர்களிடம் பட்டா இல்லை. கடல்நீர் புகுந்த அதே மீஞ்சூர் வட்டாரத்தில், காட்டுப்பள்ளியில் 2010இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. நகரம் தன் தாகத்துக்கு மாற்று கண்டது. வேலையிழந்தோருக்கு மாற்று ஏது?

தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வராமலே 2013இல் நீக்கப்பட்டது. சென்னைப் பெருநகரப் பகுதிக்கான 1987ஆம் ஆண்டுச் சட்டம் கிணறு தோண்டுவதையும் நீர் எடுப்பதையும் உரிமத்தால் ஒழுங்குபடுத்துகிறது; வேலையிழப்புக்கு ஈடு பற்றி அது பேசவில்லை. இயற்கை வளங்களுக்கு அரசு அறங்காவலரே என 1996இல் கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அக்கோட்பாட்டை நிலத்தடி நீருக்கும் முழுமையாகப் பொருத்த வேண்டும் என்பதே நம் வாதம்.

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். நீர் வாங்கும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வேளாண் கூலித் தொழிலாளருக்கு இழப்பீடு வேண்டும். பாசன அமைப்புகளின் முடிவுகளில் நிலமற்றோருக்கும் வாக்கு வேண்டும். பஞ்சமி நிலங்கள் மீட்கப்பட வேண்டும். மாணவர்கள் தத்தம் ஊரின் 'அ' பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டுப் பெற்று, நிபந்தனை நிலங்களைக் கணக்கெடுப்பதிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம். நீருக்கான உரிமைப் போராட்டம் நிலத்துக்கான போராட்டத்திலிருந்து பிரிக்க முடியாதது.