தலைச்சன் முதல் கடைக்குட்டி வரை

முதலில் பிறந்த பிள்ளை தலைச்சன். கடைசிப் பிள்ளை கடைக்குட்டி. அப்பாவின் அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா. முறை சொல்லிக் கூப்பிட்டாலே யார் மூத்தவர் என்று தெரிந்துவிடும். பெரியசாமி, சின்னசாமி என்ற பேரும் அப்படித்தான்.

ஸ்பெயின் நாட்டிலும் இது உண்டு. ஸ்பானிய மொழியில் 'செகுந்தோ' என்றால் இரண்டாவது. அதையே பேராகவும் வைப்பார்கள். கடைக்குட்டியை 'பென்ஹமீன்' என்பார்கள். பைபிளில் யாக்கோபின் 12 மகன்களில் கடைசி மகன் பென்யமீன். அதிலிருந்து வந்த சொல் அது.

ஆனால் நம்ம பக்கம் இன்னொரு வகைப் பேரும் இருக்கு. வரிசையாகப் பெண் பிறந்தால் 'போதும்பொண்ணு', 'வேண்டாம்' என்று வைப்பார்கள். அடுத்தது பையனாம்! பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-ல் நம்ம தர்மபுரிக்கும் வந்தது. அந்தப் பேர்களுக்குப் பின்னால் இருப்பதும் அதே நினைப்புதான்.

நானும் வீட்டில் மூணாவது பொண்ணு. எனக்கு நல்ல பேர்தான் வச்சாங்க. 'போதும்' என்ற பேர் உள்ளவளோ தினமும் வருகைப் பதிவில் அதைக் கேட்கணும். அவளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். விண்ணப்பித்தால் அரசிதழில் பேரை மாற்றலாம், அதை அவளுக்குச் சொல்லுங்கள்.

எத்தனையாவதாகப் பிறந்தாலும் பிள்ளை பிள்ளைதானே?

– 9-ஆம் வகுப்பு மாணவி