திண்டிவனம் டு நடுக்கடல்: சொகுசுக் கப்பல் பந்தியில் எது டிக்கெட்டில் அடக்கம், எது பில்லில் வரும்?

நள்ளிரவு ஒரு மணி. திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம் நோக்கிப் போகும் பஸ் சட்டென்று நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஒரு மோட்டல் வாசலில் நிற்கிறது. ஸ்பீக்கரில் பாட்டு அலறுகிறது. பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டிக்கொண்டே ஒருவர், 'வண்டி பத்து நிமிஷம் நிக்கும்' என்று சுற்றி வருகிறார். தூக்கக் கலக்கத்தில் இறங்கினால் ஆறிய தோசை, தண்ணீராக ஓடும் சாம்பார், ஊர் விலையைத் தாண்டிய டீ.

தென் மாவட்டங்களுக்கு பஸ்ஸில் போனவர்கள் யாரும் இந்தக் காட்சியை மறந்திருக்க முடியாது. அங்கே சாப்பாடு ஏன் அப்படி இருக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். இறங்கிய பயணி வேறு கடைக்கு நடந்து போக முடியாது. நாளைக்கு அவர் திரும்பி வரப்போவதும் இல்லை.

சொகுசுக் கப்பலில் ஏறும் பயணியும் கிட்டத்தட்ட அதே நிலைமையில்தான் இருக்கிறார். நடுக்கடலில் பக்கத்துக் கடை கிடையாது. ஆனால் அங்கே காலை காபியில் ஆரம்பித்து நள்ளிரவு வரை ஏதாவது ஒரு தட்டு நிரம்பிக்கொண்டே இருக்கிறது. பரிமாறுபவர் பெயர் சொல்லி வரவேற்கிறார். அது எப்படி? அந்த உபசரிப்புக்கு யார், எங்கே, எவ்வளவு கொடுக்கிறார்கள்? டிக்கெட் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதுதான்.

கூப்பிடு தூரத்தில் கப்பல்

க்ரூஸ் என்றால் சிங்கப்பூருக்கோ மியாமிக்கோ போனால்தான் என்ற நிலை 2022-ல் மாறியது. அந்த ஆண்டு ஜூன் 4-ம் தேதி சென்னைத் துறைமுகத்தில் இருந்து கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பலை முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். மும்பைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கடலைக் கொந்தளிக்க வைக்கும் மாதங்களில் இந்தக் கப்பல் கிழக்குக் கரைக்கு வருகிறது. 2023 ஜூனில் இங்கிருந்தே இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கும் போய் வந்தது. பாதை பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் புக் செய்யும் முன் அந்த மாத அட்டவணையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

விழுப்புரம், திண்டிவனம்காரர்களுக்கு இதில் இன்னொரு சுவாரஸ்யமும் உண்டு. இரண்டு ஊர்களில் இருந்தும் சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் புதுச்சேரிக்கும் இதே கப்பல் வரப் பார்த்தது. 2022-ல் கப்பலில் இருக்கும் சூதாட்ட விடுதியைச் சொல்லி எதிர்ப்பு கிளம்ப, புதுச்சேரி அனுமதி தரவில்லை. கடலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது. 2025 ஜூலையில்தான் பயணிகள் புதுச்சேரியில் இறங்கினார்கள். அவ்வளவு பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க அங்கே ஆழம் இல்லை. அதனால் நடுக்கடலில் நிறுத்தி, சின்னப் படகுகளில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

கப்பல் புதிதல்ல. 1990-ல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் ஓடத் தொடங்கியது. பிறகு ராயல் கரீபியன் நிறுவனத்தின் 'எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ்' ஆக இருந்து இந்தியாவுக்கு வந்தது. 11 அடுக்கு. இன்றைய உலகக் கப்பல்களோடு ஒப்பிட்டால் இது நடுத்தரம்தான். 2024 ஜனவரியில் முதல் பயணம் கிளம்பிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' அதிகபட்சம் 7,600 பயணிகளை ஏற்றும். அவர்களைக் கவனிக்க மட்டும் 2,350 ஊழியர்கள். சாப்பிட, குடிக்க, கொறிக்க இருபதுக்கும் மேற்பட்ட இடங்கள்.

இந்தக் கடல் நமக்கு முழுக்கப் புதிதும் இல்லை. அன்றைய தென் ஆற்காட்டில் இருந்து மலாயாத் தோட்டங்களுக்குப் போனவர்கள் நிறைய. 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அதில் ஆயிரக்கணக்கானவர்கள் அறை இல்லாத 'டெக்' பயணிகள். பாயை விரித்தால் அதுதான் படுக்கை. தாத்தா பாயில் படுத்துக் கடந்த கடலில் பேரன் லிஃப்ட்டில் ஏறி டின்னருக்குப் போகிறான்.

பஃபேயா, டேபிளா?

ஏறக்குறைய எல்லா க்ரூஸ் கப்பல்களிலும் டிக்கெட்டில் அடங்கும் சாப்பாடு இரண்டு இடங்களில் கிடைக்கும். ஒன்று, நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் பஃபே. இன்னொன்று, மேஜை விரிப்பு, மெனு கார்டு சகிதம் உட்கார வைத்துப் பரிமாறும் பிரதான உணவுக்கூடம். எம்ப்ரஸில் முதலாவதற்கு 'ஃபுட் கோர்ட்', இரண்டாவதற்கு 'ஸ்டார்லைட்' என்று பெயர்.

முதல்முறை போகும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் பஃபேயிலேயே தங்கிவிடுகின்றன. உட்கார்ந்து சாப்பிட்டால் தனி பில் வரும் என்ற பயம். வெள்ளை விரிப்பையும் வரிசையாக வைத்த முள்கரண்டிகளையும் பார்த்து வரும் கூச்சம் வேறு. இரண்டுமே தேவையில்லை. அந்தக் கூடத்துச் சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட்டில் பணம் கட்டியிருக்கிறீர்கள். கையால் சாப்பிட்டால் யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை. ஒரு ஸ்டார்ட்டர் பிடிக்கவில்லையா? இன்னொன்று கேட்கலாம். இரண்டு மெயின் டிஷ் கேட்டால்கூடக் கொண்டுவருவார்கள். ஸ்டார் ஹோட்டலில் பில்லை நினைத்துக் கேட்காமல் விடும் எதையும் இங்கே தைரியமாகக் கேட்கலாம். கப்பல் சாப்பாட்டின் உண்மையான சொகுசு இதுதான்.

உலக அளவில் ஓடும் கப்பல்களில் ஒரு பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. இரவு உணவு இரண்டு பந்தி. சாயங்காலம் ஆறு மணி வாக்கில் ஒன்று, எட்டு மணி வாக்கில் ஒன்று. பயணம் முடியும் வரை அதே மேஜை, அதே பரிமாறுபவர். முதல் நாள் 'காரம் கொஞ்சம் தூக்கலா வேணும்' என்று சொன்னால், மூன்றாவது நாள் கேட்காமலே ஊறுகாய் வந்துவிடும். எப்போது வேண்டுமானாலும் வந்து எங்கே வேண்டுமானாலும் உட்காரும் முறையும் பல கப்பல்களில் உண்டு. ஆனால் வயதான பெற்றோருடன் போகிறவர்களுக்குப் பழைய முறைதான் வசதி. சர்க்கரை மாத்திரைக்கு நேரம் தவறாது. ஒரே ஆளிடம் ஒருமுறை சொன்னால் போதும்.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். இந்தியாவில் இருந்து கிளம்பும் கப்பலில் சைவமும் ஜெயின் உணவும் வழக்கமான மெனுவிலேயே உண்டு. இந்தியர்கள் நிறையப் போகும் சிங்கப்பூர் பயணங்களிலும் சைவம் கிடைக்கிறது. முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் 'இந்திய உணவு' என்றதும் ரசம், பொரியல், மோர்க்குழம்பு என்று கற்பனை செய்துவிடாதீர்கள். பன்னீர், தால், நான், ஜீரா ரைஸ் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். இட்லியையும் தோசையையும் காலையில் பார்க்கலாம். அதற்குக் கொடுக்கும் சாம்பாரைப் பற்றி இங்கே எதுவும் சொல்லாமல் விடுவதே மரியாதை.

புளியோதரை கட்டிக்கொண்டு போகலாமா என்றால், முடியாது. வீட்டில் சமைத்த உணவைப் பெரும்பாலான கப்பல்களில் ஏற்ற விடுவதில்லை. மின்சாரக் கெட்டிலுக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் அதே கதி. கைக்குழந்தைக்கான உணவு, மருத்துவக் காரணமாகக் கொண்டுபோக வேண்டியது எதுவானாலும் முன்கூட்டியே நிறுவனத்திடம் கேட்டுவிட வேண்டும்.

இன்னொன்று, பஃபே வாசலில் கை கழுவச் சொல்வார்கள். எரிச்சல்படாமல் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுப் போங்கள். மூடிய இடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கரண்டியைத் தொடும்போது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ வைரஸ் மளமளவென்று பரவும். சானிடைசர் அதற்கு சோப்பு அளவுக்கு வேலை செய்யாது.

கார்டைத் தேய்த்தால் வலிக்காது!

அமெரிக்காவின் பெரிய க்ரூஸ் நிறுவனங்களுக்கு வரும் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, டிக்கெட்டில் இருந்து வருவதில்லை. ஏறிய பிறகு பயணி செய்யும் செலவுகளில் இருந்து வருகிறது. மது, சூதாட்டம், ஸ்பா, வைஃபை, கரையில் இறங்கி ஊர் சுற்றும் டூர், தனிக் கட்டணம் உள்ள உணவகங்கள். நெடுஞ்சாலை மோட்டலுக்கு டீயில் லாபம் எடுத்தாக வேண்டும். கப்பலுக்கு அந்த அவசரம் இல்லை. வயிறு நிறைந்து, மனசு லேசாகி, கையை நீட்டும் மனநிலைக்குப் பயணியைக் கொண்டுவருவதுதான் அந்தச் சாப்பாட்டின் வேலை.

கப்பலில் ரொக்கப் பணம் புழங்காது. அறைக் கதவைத் திறக்கும் கார்டுதான் பர்ஸ். பிள்ளைகள் கையிலும் ஒரு கார்டு இருக்கும். நான்கு மாக்டெயில், இரண்டு வீடியோ கேம், ஒரு போட்டோ பிரின்ட் என்று தேய்க்கும்போது எதுவும் தெரியாது. கடைசி நாள் மொத்தமாகத் தெரியும். பிள்ளைகளின் கார்டில் செலவை முடக்கவோ வரம்பு வைக்கவோ முடியுமா என்று ஏறியதுமே வரவேற்பறையில் கேளுங்கள். ஒவ்வொரு இரவும் அதுவரை ஆன கணக்கையும் பார்த்துவிடுங்கள். பக்கத்தில் புதுச்சேரி விலையைப் பார்த்துப் பழகிய விழுப்புரம்காரர்கள், பார் மெனுவை உட்கார்ந்துகொண்டு படிப்பது உத்தமம்.

அறை விஷயத்தில் ஒரு யோசனை. ஜன்னல் இல்லாத உள் அறை, கடல் தெரியும் அறை, பால்கனி அறை என்று விலை ஏறிக்கொண்டே போகும். பெரும்பாலான கப்பல்களில் இந்த மூன்றுக்கும் சாப்பாட்டுக் கூடம் ஒன்றுதான், தட்டில் விழுவதும் ஒன்றுதான். சூட் அறைக்காரர்களுக்குத்தான் சில கப்பல்களில் தனி உணவகம். இரண்டு இரவுப் பயணத்தில் தூங்க மட்டுமே அறைக்கு வருவோம் என்றால், உள் அறை எடுத்துவிட்டு மிச்சத்தில் ஒருவேளை தனிக் கட்டண உணவகத்தில் சாப்பிடுவது புத்திசாலித்தனம்.

பரிமாறும் கைகள்

டிக்கெட் விலையைத் தாண்டி 'சர்வீஸ் சார்ஜ்' அல்லது 'கிராஜுவிட்டி' என்று ஒரு தொகை வரும். அமெரிக்கக் கப்பல்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை. நான்கு பேர் கொண்ட குடும்பம், ஐந்து இரவு என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இதைப் பார்த்துப் பலர் கோபப்படுகிறார்கள். நிறுவனம் கொடுக்க வேண்டிய சம்பளத்தைப் பயணி தலையில் கட்டுகிறார்களே என்பது நியாயமான கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்தில் பணத்தை நிறுத்தினால் அடிபடுவது நிறுவனம் இல்லை, தட்டு எடுக்கும் பையன்.

கப்பல் ஊழியர்களுக்கான சர்வதேச விதி, 24 மணி நேரத்தில் அதிகபட்சம் 14 மணி நேர வேலை, வாரத்துக்கு 72 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. வரம்பே அவ்வளவு! மாதக்கணக்கில் நீளும் ஒப்பந்தத்தில் வாரவிடுமுறை என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. காலை பஃபேயில் ஆம்லெட் போட்டவரையே இரவு டின்னரிலும் பார்க்க நேரலாம்.

2020 பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். ஜப்பானின் யோகோஹாமாவில் 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பல் கொரோனாவால் முடக்கப்பட்டது. மொத்தம் 3,711 பேர். பயணிகள் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தபோது, மூன்று வேளைச் சாப்பாட்டைக் கதவு கதவாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் கப்பல் ஊழியர்கள். அவர்களுக்குத் தனி அறை இல்லை, தனிமைப்படுத்தலும் இல்லை. ஊழியர்களில் 132 பேர் இந்தியர்கள், தமிழர்களும் இருந்தார்கள். காப்பாற்றச் சொல்லி அவர்கள் வெளியிட்ட வீடியோக்கள் அப்போது நம் வாட்ஸ்அப் வரை வந்தன. 700-க்கும் அதிகமானோருக்குத் தொற்று உறுதியானது. தொற்று இல்லாத இந்தியர்களை ஏர் இந்தியா விமானம் பிப்ரவரி 27 அன்று டெல்லிக்கு அழைத்து வந்தது.

விழுப்புரம் பக்கம் கேட்டரிங் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்றும் கப்பல் வேலை ஒரு பெரிய கனவு. அதில் தப்பில்லை. ஆனால் 'ரெண்டு லட்சம் கொடு, கப்பல்ல ஏத்தி விடறேன்' என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். இந்தியாவில் கப்பலுக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் 'ஆர்.பி.எஸ்.எல்' உரிமம் இருக்க வேண்டும். பட்டியல் இயக்குநரகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. வேலை வாங்கித் தர ஊழியரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதுதான் விதி. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், 'சி.டி.சி' எனப்படும் கடல் பணிப் புத்தகம் போன்றவற்றின் செலவுதான் அவர் பொறுப்பு.

கடைசிக் காலை

இறங்கும் நாளுக்கு முந்தைய இரவே பெட்டிகளைக் கட்டி அறை வாசலில் வைக்கச் சொல்லும் கப்பல்கள் உண்டு. மறுநாள் போட வேண்டிய உடுப்பு, மாத்திரை, செருப்பு, போன் சார்ஜர் இவற்றைத் தனிப் பையில் எடுத்துக்கொள்ள மறந்து, இரவு உடையோடு துறைமுகத்தில் இறங்கியவர்கள் கதை க்ரூஸ் உலகில் பழைய ஜோக். விடியும்போது மொத்தக் கணக்கு வந்திருக்கும். தவறு இருந்தால் கப்பலை விட்டு இறங்கும் முன்பே வரவேற்பறையில் சொல்லிவிட வேண்டும். வெளியே வந்த பிறகு மெயில் அனுப்பி மீட்பது பெரிய வேலை. வரிசை நீளும் என்பதால் காலை உணவுக்கு முன்பே போய்விடுங்கள்.

பரிமாறியவரின் பெயர் நினைவிருந்தால், கருத்துப் படிவத்தில் அந்தப் பெயரை எழுதிவிட்டு வரலாம். அடுத்த ஒப்பந்தம், பதவி உயர்வு என்று வரும்போது அப்படி எழுதிய ஒரு வரிக்கு மதிப்பு உண்டு.

சென்னைத் துறைமுகத்தில் இருந்து வெளியே வந்தால் பீச் ஸ்டேஷன் பக்கம்தான். அங்கிருந்து செங்கல்பட்டு மின்சார ரயிலில் ஏறி வண்டலூரில் இறங்கினால் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் அருகில். திண்டிவனம், விழுப்புரம் பஸ்கள் அங்கே இருக்கும். மதிய நேரத்து பஸ் என்றால் வழியில் எங்காவது சாப்பாட்டுக்கு நிற்கும்; கப்பலில் காலை உணவை ஒரு பிடி அதிகமாகவே சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள்.