தழும்பைக் கேட்காத பரிசோதனை

நாம் போனபோது பிரசவமாகி ஐம்பது நாள் ஆகியிருந்தது. அந்தப் பெண் தாய்வீட்டுத் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருந்தார். குழந்தை மாமியார் வீட்டில். "கிறுக்கி கையில பிள்ளையைக் குடுக்க மாட்டோம்" என்று தூக்கிப் போய்விட்டார்களாம். பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது என்றார்.

பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே தொடங்கியது. பிரியமானவர்கள் விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம். கர்ப்பத்தில் அது கூடியது. கணவர் அரை மணி நேரம் பிந்தினாலே கத்தல், அழுகை, பிறகு தன் கையையே கீறிக்கொள்வது. மறுநாள் அதே கணவரைத் தெய்வம் என்பார்.

மாதாமாதம் பரிசோதனைக்குப் போயிருக்கிறார். எடை, ரத்த அழுத்தம், ரத்தச்சோகை எல்லாம் பார்த்தார்கள். தழும்பைக் கவனித்த ஊழியர் ஒருவர் சொன்னது: "காலனியில சண்டையும் கூச்சலும் சகஜம்தானே." ஊர்த்தெருப் பெண்ணின் கையில் அந்தத் தழும்பு இருந்திருந்தால் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டிருப்பார்கள். நோயை நம் பிறவிக் குணம் என்று தள்ளுவதும் தீண்டாமைதான்.

வீட்டிலோ பேய் என்றார்கள், தாயத்து கட்டினார்கள். கடைசியில்தான் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. 'எல்லைநிலை ஆளுமைக் கோளாறு' என்றார் மருத்துவர். சிறு வயதில் அடியும் புறக்கணிப்பும் பட்டவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது; பரம்பரைக்கும் பங்குண்டு. பேச்சுச் சிகிச்சைதான் முதன்மை, அதுவும் மாதக்கணக்கில். மனநல மாத்திரை சாப்பிடும் பெண்கள் கர்ப்பம் தெரிந்ததும் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. சோடியம் வால்ப்ரோயேட் போன்றவை கருவைப் பாதிக்கும் என்பதால் மாற்ற வேண்டியிருக்கும். உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21-வது பிரிவை மாணவர்கள் படித்து வைத்துக்கொள்வது நல்லது. சிகிச்சையில் சாதிப் பாகுபாடு கூடாது என்று சாதியின் பெயரைச் சொல்லியே அது தடுக்கிறது. மனநல மருத்துவமனையில் தங்கும் தாயிடமிருந்து 3 வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அதையும் 15 நாளுக்கொரு முறை மறுபரிசீலனை செய்ய வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயும் சேயும் சேர்ந்து தங்கவே தனிப் பிரிவு உண்டு. ஆனால் இந்தச் சட்டப் பிரிவு மருத்துவமனைக்குத்தான். மாமியார் வீட்டுக் கதவை அது தட்டாது.

அதனால் மருத்துவர் மாமியாரையும் வரவழைத்துப் பேசினார். இப்போது பகலில் பிள்ளை தாயிடம், பாட்டி பக்கத்தில். ராத்திரிக்கு இன்னும் தரவில்லை.

(மனநல ஆலோசனைக்கு: டெலி மானஸ் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.)