மேல் பிரிவுக்கு ஏறிய அணியின் முதல் பருவம்: இந்தியக் கால்பந்துச் சான்றுகள்

கால்பந்து லீக் போட்டிகள் பல பிரிவுகளாகப் படிப்படியாக நடத்தப்படும்போது, கீழ்ப் பிரிவில் முதலிடம் பெறும் அணி அடுத்த பருவத்தில் மேல் பிரிவில் ஆடும் உரிமை பெறுவது தரம் உயர்வு எனப்படும். மேல் பிரிவில் கடைசி இடங்களில் முடிக்கும் அணி கீழே அனுப்பப்படுவது தரமிறக்கம். உயர்ந்து வந்த அணிக்குப் பெரும்பாலும் மிகக் கடினமாக அமைவது அதன் முதல் பருவம். 2015 முதல் இந்தியாவின் ஐ-லீக்கில் அவ்வாறு நுழைந்த அணிகள் என்ன ஆயின என்பதை, தமிழகத்தின் சென்னை சிட்டி அணியை நடுவில் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

கல்லூரி அணிகளின் நிலை

நம் ஊர்க் கல்லூரி மாணவர்கள் சிலர், "எங்கள் கல்லூரி அணி மேல் பிரிவுக்குப் போக முடியுமா?" என்று கேட்பதுண்டு. நேரடியான விடை, முடியாது என்பதே. தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி, காமராஜ் கல்லூரி, சாயர்புரம் போப் கல்லூரி ஆகியவை திருநெல்வேலியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அவற்றின் அணிகள் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில் மோதும். அதில் சிறப்பாக ஆடியவர்களைக் கொண்டு பல்கலைக்கழக அணி அமையும். அந்த அணி தென் மண்டலப் போட்டிக்குச் செல்லும். அங்கே முன்னணியில் வரும் அணிகள் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்குத் தகுதி பெறும். ஏறிச் செல்வது கல்லூரி அணி அன்று, அதிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்ட ஆட்டக்காரர்கள். அடுத்த ஆண்டு எல்லாக் கல்லூரிகளும் மறுபடி ஒரே கோட்டிலிருந்து தொடங்கும்.

பள்ளிப் போட்டிகளில் இதன் சிறிய வடிவத்தைப் பார்க்கலாம். குறுவட்ட அளவில் வென்ற பையன்களை வருவாய் மாவட்டப் போட்டிக்கு அழைத்துச் சென்ற ஆசிரியர் எவரும் அறிந்ததுதான் இது. கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்கள் கெட்டித் தரையில் பந்தின் வேகத்தைக் கணிக்கவே முதல் பாதி முழுவதும் எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்குப் பிடிபடும்போது ஆட்டம் முடிந்திருக்கும். ஒரே ஆட்டத்தில் வெளியேறும் முறையில் கற்றதைப் பயன்படுத்த இரண்டாம் வாய்ப்புக் கிடையாது. லீக் முறையின் பெரிய நன்மையே அந்த வாய்ப்புத்தான்.

கல்லூரி அணிகளே பிரிவு விட்டுப் பிரிவு மாறும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. அங்கே 'கால்பந்து' என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறு விளையாட்டு என்பதை மாணவர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம். வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழக அணி 2022-இல் மேல் பிரிவுக்கு மாறி, முதல் பருவத்திலேயே 8 வெற்றி, 3 தோல்வி பெற்றது. தன் குழுவில் முன்னணியில் இருந்தும், இடைமாற்றக் காலம் என்ற விதியால் பட்டத்துக்கான ஆட்டத்தில் அதை ஆட விடவில்லை. புதிதாக வந்தவர் முதலில் பொறுத்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். இந்தியாவில் அப்படி எழுதிவைத்த சட்டம் இல்லை. எனினும் புதிய அணிகள் பல பொறுத்திருக்கவே நேர்ந்தது.

ஏணியும் வாசலும்

2007-இல் தொடங்கிய ஐ-லீக்கில் நுழைய இரண்டு வழிகள் இருந்தன. இரண்டாம் பிரிவை வென்று ஏறுவது ஒன்று. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கேட்கும் விண்ணப்பத்தைக் கொடுத்து, பணம் கட்டி நேரடியாக நுழைவது மற்றொன்று. முதலாவதை ஏணி என்றும் இரண்டாவதை வாசல் என்றும் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எளிதில் விளங்கும்.

மிசோரத்தின் அய்சால் அணி ஏணி வழியாக வந்தது. இரண்டாம் பிரிவை வென்று 2015-16 பருவத்தில் ஐ-லீக்கில் ஆடியது. ஒன்பது அணிகளில் எட்டாம் இடம். ஒன்பதாம் இடத்தில் இருந்தது புனேயின் டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ். அது வாசல் வழியாக வந்த அணி என்பதால் தரமிறக்கத்திலிருந்து அதற்கு விலக்கு இருந்தது. ஆகவே கடைசி அணி தங்கியது, அதற்கு மேலே முடித்த அணி இறக்கப்பட்டது. விதிப்படி சரி என்றாலும், ஏறி வந்தவனைத் தள்ளிவிட்டு நுழைவுக் கட்டணம் கொடுத்தவனை உட்கார வைத்ததாகவே இதை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதே 2016-ஆம் ஆண்டு மே மாதம் அய்சால் கூட்டமைப்புக் கோப்பை இறுதி ஆட்டம் வரை சென்று மோகன் பகானிடம் 5-0 என்று தோற்றது. அதாவது, இறக்கப்பட்ட அந்த அணி நாட்டின் முக்கியக் கோப்பையொன்றின் இறுதியில் ஆடியது.

பிறகு நடந்தது எவரும் திட்டமிட்டதன்று. லீக்கின் எதிர்கால அமைப்பைப் பற்றிய கருத்து வேறுபாட்டால் கோவாவின் சல்கோகர், ஸ்போர்ட்டிங் கோவா, டெம்போ ஆகிய அணிகள் 2016-இல் விலகின. இடங்கள் காலியாகின. அய்சால் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. மும்பை அணியிலிருந்து விலக்கப்பட்டிருந்த காலித் ஜமீல் பயிற்சியாளராக வந்தார். 2016-17 பருவத்தில் 18 ஆட்டங்களில் 37 புள்ளிகள் எடுத்து, மோகன் பகானை ஒரே ஒரு புள்ளியில் முந்தி, அய்சால் லீக் பட்டத்தை வென்றது. 2017 ஏப்ரல் 30 அன்று ஷில்லாங்கில் லஜோங் அணியோடு 1-1 எனச் சமன் செய்ததும் பட்டம் உறுதியானது. ஓராண்டுக்கு முன் கீழே அனுப்பப்பட்ட அணி அது.

சென்னை சிட்டியின் முதல் இரண்டு பருவங்கள்

அந்தக் காலி இடங்களுக்கு வாசல் வழியாக வந்தவை இரண்டு அணிகள்: சென்னை சிட்டியும் பஞ்சாபின் மினர்வாவும். 2016-17 பருவம் 2017 ஜனவரி மாதத் தொடக்கத்தில் ஆரம்பித்தது. சென்னை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த ஓர் அணி லூதியானா, ஷில்லாங், அய்சால், கொல்கத்தா என்று நாடு முழுவதும் சுற்றி ஆட வேண்டியதாயிற்று.

மேல் பிரிவு என்றால் எதிரணி பலமானது என்று மட்டும் பொருளன்று. உள்ளூர் லீக்கில் எல்லா அணிகளும் ஒரே நகரத்தில் இருக்கும். ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போய்விடலாம். தேசிய லீக்கில் பாதி ஆட்டங்கள் வெளியூரில். பயணம், தங்குமிடம், உணவு, மலைக் குளிர், செயற்கைப் புல்தரை ஆகிய எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். காயமடைந்தவருக்குப் பதிலாக இறங்க அதே தரத்தில் இன்னொருவர் வேண்டும். பதினொருவர் நன்றாக இருந்தால் உள்ளூரில் வெல்லலாம், இங்கே இருபதுக்கும் மேற்பட்டவர்கள் தேவை. இவை தவிர ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் உரிம நிபந்தனைகள் உண்டு. இளையோர் பயிற்சி, மைதான வசதி, ஊழியர்கள், சட்ட ஆவணங்கள், நிதிக் கணக்கு என ஐந்து தலைப்புகளில் அணி நிர்வாகம் சான்று காட்ட வேண்டும். ஆட்டக்காரருக்கு இவை தெரியாது, ஆனால் அவர் சம்பளம் இவற்றைச் சார்ந்தே இருக்கிறது.

முதல் பருவத்தில் ராபின் சார்லஸ் ராஜா பயிற்சியாளராகத் தொடங்கினார். இடையில் வி. சௌந்தரராஜன் பொறுப்பேற்றார். பத்து அணிகள் கொண்ட பட்டியலின் கீழ்ப் பாதியில் பருவம் முடிந்தது. அடுத்த ஆண்டு அணி சென்னை ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கை விட்டுக் கோயம்புத்தூருக்கு இடம் மாறியது. 2017-18-இல் எட்டாம் இடம். ஒன்பதாம் இடத்தில் இருந்த சர்ச்சில் பிரதர்ஸ் அணியைவிட இரண்டு புள்ளிகளே அதிகம். ஓர் ஆட்டத்தின் முடிவு மாறியிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

ஆனாலும் அந்த இரண்டு ஆண்டுகளில் தமிழக இளைஞர்கள் பலர் தேசிய அளவில் ஆடப் பழகினார்கள். கன்னியாகுமரி மாவட்ட மீனவக் கிராமத்திலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் 2017-18-இல் இவ்வணியில் ஆடி, அடுத்த ஆண்டே ஜாம்ஷெட்பூர் அணிக்கும் பின்னர் ஏ.டி.கே. அணிக்கும் சென்றார். முதல் பருவத்தில் ஆடிய நந்தகுமார் சேகர் டெல்லி டைனமோசுக்குச் சென்றார். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்து வெற்றி தேடித் தந்தவர் இவரே. கீழ்ப் பகுதியில் தவிக்கும் அணிக்கு இது இன்னொரு தொல்லை. நன்றாக ஆடுபவனை மேலே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாம் பருவம்

2018-இல் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளரானார். ஸ்பெயினின் கீழ்நிலைப் பிரிவுகளில் ஆடிக்கொண்டிருந்த பெத்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிக்ஸ், ரோபர்டோ எஸ்லாவா ஆகியோர் வந்தனர். பெயர் பெற்றவர்கள் அல்லர். ஆனால் ஒரே வகைப் பயிற்சியில் வளர்ந்தவர்கள் என்பதால் ஒருவர் நகர்வை மற்றவர் அறிந்திருந்தார்கள். அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அஜித் குமார், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழக ஆட்டக்காரர்கள் சேர்ந்தார்கள்.

2018 அக்டோபர் 26 அன்று முதல் ஆட்டத்தில் இந்தியன் ஆரோஸ் அணியை 4-1 என்று வென்றார்கள். மான்சி மூன்று கோல் அடித்தார். பருவ முடிவில் அவர் கணக்கு 21. சர்ச்சில் பிரதர்சின் வில்லிஸ் பிளாசாவும் அதே எண்ணிக்கை எடுத்தார்.

பட்டம் கடைசி நாள் வரை இழுத்தது. 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் மினர்வாவோடு ஆட்டம். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவோடு ஆடியது. சென்னை சிட்டி தோற்று, ஈஸ்ட் பெங்கால் வென்றால் பட்டம் கொல்கத்தாவுக்கு. தொடக்க நிமிடங்களிலேயே மினர்வா ஒரு கோல் அடித்துவிட்டது. இடைவேளைக்குப் பின் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு இரண்டு கோல் அடித்தவர் தாக்குதல் ஆட்டக்காரர் அல்லர், தற்காப்பு ஆட்டக்காரரான கௌரவ் போரா. 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றது. 20 ஆட்டங்களில் சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. ஐ-லீக்கை வென்ற முதல் தமிழக அணி சென்னை சிட்டிதான்.

மற்ற அணிகளோடு ஒப்பீடு

2016-17-இல் அய்சால், 2017-18-இல் மினர்வா, 2018-19-இல் சென்னை சிட்டி. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, புதிதாக வந்த அணிகளே பட்டம் வென்றன. ஆனால் மூன்றும் முதல் பருவத்தில் கீழ்ப் பகுதியில் கிடந்தவை. கோகுலம் கேரளாவும் வாசல் வழியாக 2017-இல் வந்து ஏழாம் இடத்தில் முடித்து, 2020-21, 2021-22 ஆகிய இரு பருவங்களிலும் பட்டம் வென்றது.

இதற்கு மாறான சான்றுகளும் உள்ளன. மணிப்பூரின் நெரோக்கா இரண்டாம் பிரிவை வென்று ஏறி, 2017-18-இல் முதல் பருவத்திலேயே இரண்டாம் இடம் பெற்றது. மினர்வாவைவிட மூன்று புள்ளிகளே குறைவு. ரியல் காஷ்மீரும் ஏணி வழியே வந்து 2018-19-இல் மூன்றாம் இடம் பிடித்தது. என் கணிப்பில், ஏறி வந்த அணி ஏற்கெனவே ஒன்றாக ஆடி வென்ற அணி. அதற்குப் புதியவை எதிரணிகள் மட்டும். வாசல் வழியே வரும் அணிக்கோ தன் அணியே புதிது. ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதும் பழக்குவதும் ஆடுவதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். சென்னை சிட்டியின் முதல் இரண்டு பருவங்களை அந்தக் கண்ணோடு பார்த்தால், அவை வீணானவை அல்ல.

வெளிநாடுகளில் இந்த இடைவெளி இன்னும் கடுமையாகியிருக்கிறது. ஜெர்மனியின் கைசர்ஸ்லவுட்டர்ன் 1997-98-இல் ஏறிய உடனே பட்டம் வென்றது. இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி 2014-15-இல் ஏறி, நெடுங்காலம் கடைசி இடத்தில் இருந்து தப்பி, அடுத்த ஆண்டே பட்டம் வென்றது. அதே இங்கிலாந்தில் 2023-24-இல் ஏறி வந்த மூன்று அணிகளும் அப்பருவத்திலேயே இறங்கின. 2024-25-இலும் அப்படியே. தொலைக்காட்சி உரிமைப் பணம் மேலே குவியக் குவியப் படிகளின் உயரமும் கூடுகிறது.

இந்தியன் சூப்பர் லீக்குக்கு ஏறுதல்

2022-23 முதல் ஐ-லீக் இரண்டாம் நிலைப் போட்டியாகி, அதன் வாகையர் இந்தியன் சூப்பர் லீக்குக்கு ஏறும் வழி திறந்தது. முதலில் ஏறியது பஞ்சாப் எஃப்.சி. சென்னை சிட்டியோடு வாசல் வழியாக வந்த மினர்வாதான் உரிமையாளர் மாறி இப்பெயர் பெற்றது. 2023-24-இல் அது முதல் வெற்றிக்கு டிசம்பர் வரை காத்திருந்தது. அந்த வெற்றி சென்னையின் எஃப்.சி. அணிக்கு எதிராகக் கிடைத்தது. பருவ முடிவில் 22 ஆட்டங்களில் 24 புள்ளிகள், எட்டாம் இடம். அடுத்து ஏறிய கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் 2024-25-இல் பதின்மூன்று அணிகளில் கடைசி.

சென்னை சிட்டி 2020 மார்ச் 11 அன்று ஆசியக் கூட்டமைப்புக் கோப்பையில் மாலத்தீவின் மசியா அணியோடு 2-2 எனச் சமன் செய்தது. கொரோனாத் தொற்றால் அந்தப் போட்டியே பின்னர் கைவிடப்பட்டது. 2020-21-க்குப் பிறகு ஐ-லீக்கில் அந்த அணி ஆடவில்லை. அதில் ஆடிய எட்வின் சென்னையின் எஃப்.சி.க்கும் ரொமாரியோ எஃப்.சி. கோவாவுக்கும் சென்று சூப்பர் லீக்கில் ஆடினார்கள்.