கண்ணில் சுண்ணாம்பு பட்டால்... காக்க வரும் பனிக்குடச் சவ்வு!

வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போர்டோக் கலவை, வெல்லக் கொப்பரை, பொங்கலுக்கு வெள்ளையடிப்பு என்று மதுரை வட்டாரத்தில் சுண்ணாம்பு புழங்காத ஊர் இல்லை. கற்சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். சொட்டுநீர்க் குழாய் கழுவும் அமிலமும் கண்ணைச் சுடும். ஆனால், சுண்ணாம்பு போன்ற காரம் அதைவிட ஆழமாக உள்ளே இறங்கும். ஆறும்போது கருவிழியில் தழும்பு விழும். இமை விழியோடு ஒட்டிக்கொள்ளும்.

இந்தப் பாதிப்பைக் குறைக்கக் கண் மருத்துவர்கள் பயன்படுத்துவது பனிக்குடச் சவ்வு. மாடு கன்று ஈன்றதும் நஞ்சுக்கொடி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். மனிதர்களில் நஞ்சுக்கொடியின் உட்புறத்தை மூடி, கருவைச் சுற்றியிருக்கும் மெல்லிய படலம்தான் இது. சிசேரியன் பிரசவத்தின்போது தாயின் சம்மதத்துடன் எடுத்து, எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் போன்ற தொற்று இல்லை என்று உறுதிசெய்து, சுத்தப்படுத்திப் பாதுகாக்கிறார்கள்.

அதை வெந்த கண்மீது போர்த்தித் தைப்பார்கள், அல்லது ஒட்டுவார்கள். அது அழற்சியைத் தணிக்கும், வலியைக் குறைக்கும், புதிய மேல்தோல் படர இடம் கொடுக்கும். பிறகு மெல்லக் கரைந்துவிடும். 1946-லேயே லண்டனில் சோர்ஸ்பி என்ற மருத்துவர் காரம் பட்ட கண்களுக்கு இதைப் பயன்படுத்தினார். 1995-க்குப் பிறகு உலகெங்கும் பரவலானது.

ஆனால், எல்லாக் கண்ணையும் இது மீட்டுவிடாது. முற்றிய தழும்பை இது அழிக்காது. கருவிழியின் ஓரத்திலுள்ள ஸ்டெம் செல்கள் முழுக்க அழிந்திருந்தால், மறு கண்ணிலிருந்து எடுத்து நடவேண்டி வரும். ஆகவே முதல் சில நாள்களே முக்கியம். அதிலும் முதல் நிமிடங்கள் நம் கையில்தான் இருக்கின்றன.

சுண்ணாம்பு பட்டவுடன் செய்ய வேண்டியவை:

* இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரை 30 நிமிடம் விடாமல் ஊற்றுங்கள்.
* இமைக்குள் சுண்ணாம்புத் துகள் தெரிந்தால், ஈரத் துணி நுனியால் மெதுவாக ஒற்றி எடுங்கள்.
* தாய்ப்பால், விளக்கெண்ணெய், எலுமிச்சைச் சாறு எதுவும் விடாதீர்கள்; கண்ணைக் கசக்காதீர்கள்.
* பட்ட பொருளின் டப்பாவையும் எடுத்துக்கொண்டு அன்றே கண் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மதுரையில் 1976-ல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் கருவிழிக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் கண் பிரிவு உண்டு.

சுண்ணாம்பு கரைக்கும்போது கண்ணாடி அணியுங்கள். பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் இருக்கட்டும். வெற்றிலைக்கான சுண்ணாம்பு டப்பாவைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.