நியூயார்க்கில் வாடகை வீடும் பதிவெண்ணும்

குடும்பங்கள் வாசம் செய்வதற்கென்று கட்டிய வீடுகள் நாள் வாடகைக்கு விடும் விடுதிகளாக உருமாறி, உத்தியோகம் பார்த்துப் பிழைப்போருக்கு வீடு கிடைப்பதே துர்லபமாகிவிட்ட நிலையைச் சட்டம் இயற்றுவதால் மட்டும் மாற்றிவிட முடியாது என்பதை நியூயார்க் மாநகரம் அனுபவத்தில் கண்டது. அடுக்குமாடிக் கட்டடங்களில், நிரந்தரக் குடியிருப்பாளர் உடனில்லாமல், 30 நாட்களுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடலாகாதென்று 2010இலேயே மாநிலச் சட்டம் விதித்தது. அத்தகைய வீட்டை விளம்பரம் செய்வதும் குற்றமென்று 2016இல் இன்னொரு சட்டம் வந்தது. ஆயினும் ஏர்பிஎன்பி போன்ற இணையத்தளங்களில் விளம்பரங்கள் பெருகியே வந்தன. விளம்பரத்தில் வீட்டின் முழு விலாசம் இராது. புகார் கிடைத்து அதிகாரி தேடிப்போய்க் கதவைத் தட்டினாலும், உள்ளே தங்கியிருக்கும் யாத்திரிகர் திறந்து உண்மையைச் சொன்னால்தான் விசாரணை நகரும்.

2023 செப்டம்பர் 5 முதல் அமலாக்கப்பட்ட 18ஆம் எண் உள்ளூர்ச் சட்டத்தின் சூட்சுமம், அதிகாரியின் பாரத்தில் பெரும்பகுதியை வியாபாரியின் தோளுக்கு மாற்றியதில் இருக்கிறது. வீட்டுக்காரர் 145 டாலர் கட்டணத்துடன் விண்ணப்பித்து நகரத்தின் விசேஷ அமலாக்க அலுவலகத்தில் பதிவெண் பெறவேண்டும். விருந்தினர் இருவருக்கு மேற்படாமல், தாமும் உடன் தங்கவேண்டும். அந்த எண் மெய்யானதா என்று நகரத்தின் பதிவேட்டுடன் ஒத்துப்பார்க்காமல் இணையத்தளம் தன் கட்டணத்தை வசூலிக்கலாகாது. ஏர்பிஎன்பி தொடுத்த வழக்கு ஆகஸ்டிலேயே தள்ளுபடியாயிற்று. பத்தாண்டுகளுக்கு மேலாகக் கதவைத் தட்டியும் கைகூடாத காரியம், பணம் கைமாறும் இடத்தை அடைத்தவுடன் சில வாரங்களில் கைகூடியது. குறுகிய கால வாடகை விளம்பரங்களில் பெரும்பாலானவை மறைந்தன, பல 30 நாள் வாடகைக்கு மாறின.

வாடகை இதனால் இறங்கிவிடவில்லை என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. 2023 கணக்கெடுப்பின்படி, வாடகைக்குக் காலியாயிருந்த வீடுகள் நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லாத நகரத்தில், ஒரே சட்டம் அதைச் சாதிக்குமென்று எதிர்பார்ப்பது நியாயமன்று. இருக்கும் வீடுகளாவது குடியிருப்போருக்கு மிஞ்சவேண்டும் என்பதே என் பட்சம்.

என் மனம் சஞ்சலப்படுவது வேறொரு விஷயத்தில். பல வீடுகளைத் திரட்டி வியாபாரம் நடத்தியவரையும், தாம் குடியிருக்கும் இரண்டு குடும்ப வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு விட்டு அடமானக் கடன் தவணையைக் கட்டிவந்த எளிய மனிதரையும் இச்சட்டம் ஒரே தராசில் நிறுக்கிறது. பின்னவருக்குச் சலுகை கோரும் மசோதா 2024இல் நகரமன்றத்துக்கு வந்தது. சலுகை அளிப்பது தர்மமே; ஆனால் உரிமையாளர் அந்த வீட்டின் நிரந்தர வாசி என்பதற்குச் சாட்சியம் கேட்கும் அதிகாரத்தை மட்டும் நகரமன்றம் ஒருபோதும் விட்டுக்கொடுக்கலாகாது.