குறை கேட்கும் பணி: முதியோர் குடியிருப்பின் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர்

வங்கிக் கிளையின் முகப்பில் அமர்ந்திருப்பவருக்கும் முதியோர் குடியிருப்பின் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இருவரும் தாம் செய்யாதவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள். கணினி இணைப்பு அறுந்ததற்கான காரணம் எங்கோ இருக்கும்; வாடிக்கையாளரின் கண்ணெதிரே இருப்பவர் முகப்பு எழுத்தர்தாம். அதேபோல், பருப்பில் உப்புக் கூடினாலும், மின்தூக்கி நின்றுபோனாலும், மகன் மூன்று நாளாகத் தொலைபேசியில் பேசாவிட்டாலும், குடியிருப்பில் வாழும் பெரியவர் அதை முதலில் சொல்வது காலையில் நாற்காலிப் பயிற்சி நடத்த வரும் ஒருங்கிணைப்பாளரிடம்தான். நாள்தோறும் கண்ணில் படுபவரிடம்தானே குறையைச் சொல்ல முடியும்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் ஏறத்தாழ 10.4 கோடி. அவர்களுள் ஒரு சிறு பகுதியினர் கோயம்புத்தூர், புணே, பெங்களூரு, தில்லிக்கு அருகிலுள்ள பிவாடி முதலிய இடங்களில் அமைந்த முதியோர் குடியிருப்புகளை நாடுகின்றனர். இவை ஆதரவற்றோருக்கான இல்லங்கள் அல்ல. சொந்தமாக வாங்கியோ, குத்தகைக்கு எடுத்தோ, மாதக் கட்டணம் செலுத்தித் தனி வீட்டில் வாழ்ந்துகொண்டு, உணவு, மருத்துவ உதவி, பொழுதுபோக்கு ஆகியவற்றைப் பொதுவாகப் பெறும் ஏற்பாடு. மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் இவற்றுக்கென 2019-இல் மாதிரி நெறிமுறைகளையும் வெளியிட்டது. நம் வாடிக்கையாளர்களில் பலர் இங்கே வசிக்கின்றனர்; பலருடைய பெற்றோர் வசிக்கின்றனர்; சிலருடைய பிள்ளைகள் இங்கே வேலைக்கும் சேர்ந்துள்ளனர். மூவருக்குமாகவே இக்கட்டுரை.

புணே நகரின் புறப்பகுதியில் உள்ள அத்தகைய ஒரு குடியிருப்புக்கு, ஓய்வூதியர்களின் வாழ்நாள் சான்றிதழ் முகாமுக்காகவும் இணைய மோசடி குறித்த விளக்கக் கூட்டங்களுக்காகவும் சில ஆண்டுகளாகச் சென்று வருகிறேன். மராத்தியர், குஜராத்தியர், தமிழர், கன்னடர் எனப் பலரும் கலந்து வாழும் இடம் அது. ஒருங்கிணைப்பாளர் சமூகப்பணி படித்த இளம்பெண். அவருடைய மேசையில் கிடந்த குறைப்பதிவேட்டை முதன்முறை புரட்டியபோது, நம் கிளையின் பதிவேட்டைவிடச் செழிப்பாக இருப்பதாகத் தோன்றியது.

அதில் மிகுதியாக இருந்தவை ஒலி பற்றிய குறைகள். ஒரே பெரியவர், ஒரே நிகழ்ச்சி குறித்து, “ஒன்றும் கேட்கவில்லை” என்றும் “சத்தம் தாங்கவில்லை” என்றும் எழுதியிருந்தார். படிப்பவருக்கு இது வீண் முரண்டு போலத் தோன்றும். ஆனால் முதுமையில் செவித்திறன் குறையும் முறையே அப்படித்தான். முதலில் மங்குவன உயர்ந்த சுருதியுள்ள ஒலிகள்; ஸ, ஷ, ஃப போன்ற மெய்யொலிகள் தேய்ந்துபோவதால் பேச்சு காதில் விழும், சொல் விளங்காது. மேலும், மெல்லிய ஒலி எட்டாத அதே காதுக்குச் சற்றே உயர்த்திய ஒலியும் கூசும். ஆகவே ஒலிபெருக்கியின் விசையைத் திருகுவதால் பயனில்லை. பேசுபவரின் முகம் தெரியும்படி நாற்காலிகளை அரைவட்டமாக இடுவதும், மின்விசிறியின் இரைச்சலைக் குறைப்பதும், வெற்றுச் சுவர்களில் கனத்த திரைகளைத் தொங்கவிட்டு எதிரொலியை அடக்குவதுமே தீர்வு. செவித்துணைக் கருவி அணிந்தவருக்கு எதிரொலி பெரும் பகை. அக்குடியிருப்பில் திரைகள் தொங்கவிடப்பட்ட பின்னர் ஒலி பற்றிய பதிவுகள் வெகுவாகக் குறைந்தன. பொறுமை போதித்துத் தீராத குறை, துணிக்கடைச் செலவில் தீர்ந்தது.

நேரம் பற்றிய குறைகளும் இவ்வகையே. காலை 10 மணி நிகழ்ச்சிக்குச் சிலர் வருவதே இல்லை. வந்தாலும் பாதியில் எழுந்து போகின்றனர். பிறகு “நேரம் சரியில்லை” என்கின்றனர். இரத்த அழுத்தத்திற்காகக் காலையில் நீர் மாத்திரை உட்கொள்பவர் கழிப்பறைக்கு அருகிலேயே இருக்க விரும்புவார்; அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுவார். கதவருகே நான்கு இருக்கைகளை ஒதுக்கிவைத்தால் போதும். கோஜாகிரி பௌர்ணமியன்று நிலவொளியில் மசாலாப் பால் பருகுவது மகாராஷ்டிர வழக்கம். இரவு 8 மணிக்கே உறங்கச் செல்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் நிறைந்த இடத்தில் அதை எப்போது, எப்படி நடத்துவது? சர்க்கரையிட்டதும் இடாததுமாக இரு பாத்திரங்களில் பால் வைத்து, நிலவு எழுந்தவுடன் மாடியில் தொடங்கிச் சீக்கிரமே முடித்துக்கொண்டனர். “நள்ளிரவில்தான் முறை” என்று ஒரு மூதாட்டி பதிவேட்டில் எழுதினார். அவர் சொன்னது சரிதான். ஆயினும் ஏற்க இயலவில்லை என்ற விளக்கம் அதன் கீழேயே எழுதப்பட்டது.

இனித் தம்போலா. ஹௌசி என்றும் சொல்வார்கள். 1 முதல் 90 வரையுள்ள எண்களைக் குலுக்கி எடுத்து அறிவிக்க, 15 எண்கள் கொண்ட சீட்டில் அடித்துக்கொண்டே வரும் ஆட்டம். பரிசு 50 ரூபாய். அந்த 50 ரூபாயை முன்னிட்டு நடந்த வாக்குவாதங்களைக் கேட்டால், கோடிக்கணக்கில் கடன் வழங்கும் கூட்டங்கள் கூட அமைதியானவையாகத் தோன்றும். கைந்நடுக்கம் உள்ள ஒருவர் வரிசை நிறைந்ததைக் கண்டு குரல் கொடுப்பதற்குள் அடுத்த எண் அறிவிக்கப்பட்டுவிட்டது. விதிப்படி அவருக்குப் பரிசில்லை. அவர் ஓய்வு பெற்ற பொறியாளர். “50 ரூபாய்க்காக அல்ல, நான் பொய் சொன்னதாக ஆகிவிட்டதே” என்பதே அவருடைய குறை. வேகமான விரல்களுக்கு ஏற்ற விதி, நடுங்கும் விரல்களுக்கு அநீதியாகிவிடுகிறது என்பதை ஒருங்கிணைப்பாளர் உணர்ந்துகொண்டார். ஒவ்வோர் எண்ணும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மராத்தியிலுமாக மூன்று முறை அறிவிக்கப்பட்டது, பலகையிலும் எழுதப்பட்டது. மொழிப் பூசலும் அதோடு தீர்ந்தது. தேவையான இடைவேளையும் கிடைத்தது. ஒரே எண்ணில் இருவர் வென்றால் பரிசு பாதிப் பாதி. விதிகள் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டுச் சுவரில் ஒட்டப்பட்டன. எழுதப்படாத விதி எவ்வளவு நியாயமானதாயினும் பாரபட்சமாகவே தோன்றும் என்பது வட்டி விகிதப் பலகை வைத்திருக்கும் எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கூடத்தை யார் பயன்படுத்துவது என்ற பூசல் இதைவிடக் கடினமானது. மாலை 5.30-க்கு ஹரிபாடம் பாடும் குழுவும் விஷ்ணு சகஸ்ரநாமம் ஓதும் குழுவும் ஒரே கூடத்தைக் கேட்டன. இரண்டிலும் நாட்டமில்லாத கேரம் ஆட்டக்காரர்களும் கேட்டனர். இத்தகைய இடத்தில் ஒருங்கிணைப்பாளரே நடுவராக அமர்ந்து தீர்ப்புச் சொன்னால், ஒரு தரப்பின் மனக்கசப்பு அவருக்கு நிச்சயம். கால அட்டவணையைக் குடியிருப்போர் குழுவே வகுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும்படி விடுவதே அறிவுடைமை. இதற்கு ஆதாரமும் உண்டு. எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் அமெரிக்க முதியோர் காப்பகம் ஒன்றில் நடத்திய ஆய்வு 1976-இல் வெளியாயிற்று. ஒரு தளத்தில் இருந்தோருக்கு, எந்த இரவு திரைப்படம் பார்ப்பது என்பது போன்ற சிறு முடிவுகளும் ஒரு செடியைப் பேணும் பொறுப்பும் தரப்பட்டன. மற்றொரு தளத்தில் எல்லாவற்றையும் பணியாளர்களே பார்த்துக்கொண்டனர். முன்னவர்களே கூடுதல் சுறுசுறுப்போடும் மலர்ச்சியோடும் காணப்பட்டனர். சிறிய ஆய்வுதான், எனினும், எல்லா முடிவுகளும் பிறரால் எடுக்கப்படும் இடத்தில் எஞ்சியிருக்கும் ஒரே உரிமை குறை சொல்வதுதான் என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும்.

சில குறைகளில் சொல்லப்படுவது ஒன்று, நோவது வேறொன்று. பலூன் தட்டும் விளையாட்டைப் பற்றி, “எங்களை மழலையர் பள்ளியில் சேர்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டவருக்குப் பலூன் மீது வெறுப்பில்லை. நாற்பது ஆண்டு பொறுப்பான பதவி வகித்தவரைக் குழந்தையைப் போல் கொஞ்சும் குரலே அவரை உறுத்தியது. கைப்பை களவு போய்விட்டதாக மீண்டும் மீண்டும் சொல்பவர் மறதி நோயின் தொடக்கத்தில் இருக்கலாம். அவரிடம் வாதாடுவதும் தவறு, “சரி, சரி” என்று நகர்வதும் தவறு. உடன் சென்று தேடுவதே முறை. அதே வேளையில், எல்லாவற்றையும் மறதி என்று ஒதுக்கினால், உண்மையான களவும் அந்தக் கணக்கிலேயே மறைந்துவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் எழுதிவைக்க வேண்டும்.

எழுதிவைப்பது என்றேன். நாள், நேரம், சொன்னவருடைய சொற்களிலேயே குறை, யாரிடம் அனுப்பப்பட்டது, என்ன பதில், எந்நாளில் சொல்லப்பட்டது ஆகிய இவ்வளவே பதிவேட்டுக்குப் போதும். சமையலறைக் குறையைச் சமையல் மேற்பார்வையாளருக்கும், மின்தூக்கிக் குறையைப் பராமரிப்புப் பிரிவுக்கும் அனுப்பிவிட்டால் அது ஒருங்கிணைப்பாளரின் தோளிலிருந்து இறங்கும். பதில் சொல்லும் நாள் மட்டும் அவருடையது. ‘இயலாது’ என்ற பதிலும் பதிலே. பதில் இல்லாத குறையே இரண்டாம் முறை கடுமையான சொற்களோடு வருகிறது.

பதிவேட்டின் மதிப்பை நான் முழுமையாக உணர்ந்தது ஒரு சிறு குறையின் வாயிலாகத்தான். தனியே வாழும் ஓய்வு பெற்ற ஒருவர், மாலைத் திரைப்படத்தின் ஒலி தம் தொலைபேசி உரையாடலுக்கு இடையூறாக இருப்பதாக எழுதியிருந்தார். மறுநாளும் அதே குறை, மூன்றாம் நாளும். தம்போலாவை ஒருபோதும் தவறவிடாதவர் அந்த வாரம் வரவும் இல்லை. மூன்று பதிவுகளையும் ஒருசேரப் பார்த்த ஒருங்கிணைப்பாளர், படத்தின் ஒலியைக் குறைத்ததோடு நின்றுவிடாமல், அவருடைய வீட்டுக்குச் சென்று கதவைத் தட்டினார். உள்ளே காணொளி அழைப்பு துண்டிக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. சீருடை அணிந்த ஒருவன், அவர் ‘டிஜிட்டல் கைது’ செய்யப்பட்டிருப்பதாகச் சொல்லி, யாரிடமும் பேசக்கூடாது என்று மிரட்டிவைத்திருந்தான். ஒரு வைப்புத்தொகை ஏற்கெனவே முறிக்கப்பட்டு வெளியேறிவிட்டது. அடுத்ததை முறிப்பதற்கான விண்ணப்பம் அவருடைய சட்டைப்பையில் இருந்தது. ஒருங்கிணைப்பாளர் அந்த நிமிடமே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்தார். பிறகு கிளையை அழைத்தார். முதல் தொகையில் ஒரு பகுதியை மட்டுமே முடக்க முடிந்தது. இரண்டாவது வைப்பு தப்பியது.

வாடிக்கையாளர்கள் அறிய வேண்டியது: காணொளி வழியாகக் கைது செய்யும் நடைமுறை நம் சட்டத்தில் இல்லை. எந்தக் காவல்துறையும், நீதிமன்றமும், ரிசர்வ் வங்கியும் ‘சரிபார்ப்பதற்காக’ப் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்வதில்லை.

இவ்வளவையும் கேட்டுக்கொள்பவரின் நிலை என்ன? உள்ளத்தில் ஒன்றிருக்க, முகத்தில் இன்முகம் காட்ட வேண்டிய பணியை ‘உணர்ச்சி உழைப்பு’ என்று பெயரிட்டு 1983-இல் நூல் எழுதினார் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட். விமானப் பணிப்பெண்களோடு கடன் வசூலிப்பவர்களையும் அவர் ஆராய்ந்தார் என்பது வங்கியாளனாகிய எனக்குச் சற்று ஆறுதல். கண்ணுக்குத் தெரியாத உழைப்பாதலால், நிர்வாகங்கள் இதற்கு ஓய்வு தருவதில்லை. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் தங்கள் பகல் நேரத்தில், அதாவது இங்கே நள்ளிரவில், வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்கின்றனர். அவசர உதவிக்கு இரவுப் பணியாளர் இருக்கையில், கோலப்போட்டியின் முடிவு பற்றிக் கேட்பதற்கு விடியும்வரை காத்திருக்கலாம். குறை கேட்பதற்கென நாளில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி அறிவித்துவிடுவது நல்ல பயன் தருகிறது. நடைவழியில் எட்டுப் பேர் எட்டுத் திசையில் நிறுத்துவது குறைகிறது. வசைச்சொல்லைப் பொறுத்துக்கொள்வது வேலையின் பகுதி அன்று என்பதை நிர்வாகமே குடியிருப்போர் குழுவில் சொல்ல வேண்டும். இருபத்தாறு வயதுப் பெண்ணின் வாயால் சொல்ல வைப்பது முறையன்று.

கட்டணம் பெற்றுக்கொண்டு வாக்களித்த சேவையைத் தராத குடியிருப்பு குறித்து முதலில் நிர்வாகத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். பயனில்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 உள்ளது. முதியோருக்கு ஏற்படும் துன்பங்கள், கைவிடப்படுதல், சட்ட ஆலோசனை ஆகியவற்றுக்கு 14567. வங்கி மீதான குறைக்கு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

ஒருங்கிணைப்பாளர்கள் எங்களுக்காகவும் வசை வாங்குவதுண்டு. நவம்பர் முகாமில் விரல் ரேகை தேய்ந்த பெரியவர்களின் கைகளைக் கருவி ஏற்க மறுக்கும்போது, முகாமுக்கு அழைத்து வந்தவரையே அவர்கள் கடிந்துகொள்கின்றனர். முக அடையாளத்தின் வழியாக வாழ்நாள் சான்றிதழ் அளிக்கும் வசதி 2021 முதல் உள்ளது. ஒரு திறன்பேசியும் நல்ல வெளிச்சமும் போதும். 80 வயதைக் கடந்த ஓய்வூதியர்கள் அக்டோபர் 1 முதலே சான்றிதழை அளிக்கலாம். 70 வயதுக்கு மேற்பட்டோர் வீடுதேடி வரும் வங்கிச் சேவையைத் தங்கள் கிளையில் கேட்டுப் பெறலாம். குடியிருப்பில் முகாம் வேண்டுவோர் அக்டோபர் முதல் வாரத்திலேயே கிளைக்கு எழுதினால், முகாமுக்கு வரும் நாளைக் குறித்துக்கொள்ள வசதியாக இருக்கும். கூடத்தில் மாலை 5.30-க்கு யாருக்கு முறை என்பதையும் அக்கடிதத்தில் குறிப்பிட்டுவிடுங்கள்.